பதினாறாம் சேனலில் ரெய்னோ

என் நாத்தனார் ஐலா விதவை. வருடாவருடம் கோடையில் தன் 'லோக்கி' படகை எடுத்துக்கொண்டு தீவுகளுக்கு நடுவே சுற்றுவாள். இரண்டு கோடையாக அவள் நங்கூரம் போடுகிற இடத்திலெல்லாம் ரெய்னோ என்பவனின் படகும் வந்து நிற்கும். ஊருக்கே தெரிந்த விஷயம். அவன் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அன்று ஐலாவும் நானும் அவள் படகில் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். மலைகளுக்கு நடுவே ஓடும் கடல் இடுக்கான சீமோர் குறுகலில் நீரோட்டம் அடங்கியதும் நாங்கள் முன்னால் நுழைந்தோம், ரெய்னோ பின்னால்.

"அறுபத்தெட்டுக்கு மாறிக்கோ ரெய்னோ, பேசிக்கிட்டே போலாம்" என்று ரேடியோவில் சொல்லிவிட்டு ஐலா சேனலைத் திருப்பினாள். பதினாறு எல்லாப் படகுகளும் கேட்கும் சேனல், வம்பளக்க அறுபத்தெட்டு.

நான் கீழே ஏலக்காய் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பெரிய கப்பல் வந்தால் தெரிய வேண்டுமே என்று கைரேடியோவைப் பதினாறிலேயே வைத்திருந்தேன். அதில் ரெய்னோவின் குரல் வந்தது.

"ஐலா, மூஞ்சியப் பாத்துச் சொல்ல தைரியம் இல்ல. உன் படகுக்குப் பின்னாடியே போயி எனக்கு அலுத்துப்போச்சு. பக்கத்துல வரணும். என்னைக் கட்டிக்கிறியா?"

சேனலை மாற்ற மறந்திருக்கிறான் மனுஷன்! மேலே ஐலா முணுமுணுத்தாள்: "தூங்கிட்டானா இவன்? சத்தத்தையே காணோம்."

"சரி, பரவாயில்ல. நான் கேக்கவே இல்லன்னு வெச்சுக்கோ" என்றது ரெய்னோவின் குரல், சுருங்கிப்போய்.

உடனே இன்னொரு குரல் குறுக்கிட்டது. மரக்கட்டைகளை இழுத்துவரும் இழுவைப் படகின் தலைவர். "ஐயா, கொஞ்சம் பொறுங்க. நீங்க இன்னும் பதினாறுலதான் இருக்கீங்க. நாங்க அத்தனை பேரும் கேட்டாச்சு, அந்தம்மாவைத் தவிர."

நான் மாவுக்கையோடு படியேறி ஓடினேன். "ஏய் ஐலா! பதினாறுக்குத் திருப்புடி!"

"என்ன அண்ணி, கப்பலா?"

"கப்பல் இல்லடி, மாப்பிள்ளை!"

திருப்பினாள். இழுவைப் படகுக்காரர் மரியாதையாகச் சொன்னார்: "லோக்கி அம்மா, பின்னாடி வர்றவர் உங்களைப் பொண்ணு கேட்டிருக்கார். பதில் சொல்லிட்டா நாங்களும் வேலையப் பாப்போம்."

ஐலாவின் முகம் காது வரை சிவந்தது. சுக்கான் சக்கரத்தை விடாமல் மைக்கை எடுத்தாள். "ரெய்னோ, என் படகை விக்க மாட்டேன்."

"நானும் என்னுத விக்க மாட்டேன்."

"பின்ன எங்கடா குடித்தனம்?"

"ஒரு நாள் உன்னுது, ஒரு நாள் என்னுது."

"சமையல்?"

"எந்தப் படகோ, அந்தப் படகுக்காரங்க."

ஐலா உதட்டைக் கடித்து யோசித்தாள். சுழல் ஒன்று படகைச் சற்றே திருப்பியது, சரிசெய்தாள். "சரி. கட்டிக்கிறேன்."

முதலில் இழுவைப் படகின் சங்கு ஊதியது. பிறகு மீன்பிடிப் படகுகள், எங்கோ கண்ணுக்குத் தெரியாத ஒரு பாய்மரப் படகு. குறுகலின் இரண்டு மலைச்சுவரிலும் மோதி ஊளை அடங்கவேயில்லை. நான் அழுதேன், கண்ணைத் துடைக்கப்போய் முகமெல்லாம் மாவு.

அன்று மாலை ஒரு சின்னக் குடாவில் இரண்டு படகுகளையும் பக்கம் பக்கமாகக் கட்டினோம். ரெய்னோ தலையை வாரி, ஒரு வாளி நண்டோடு எங்கள் படகுக்குள் காலை வைத்தான். ஐலா கரண்டியை அவன் கையில் கொடுத்தாள்.

"இன்னிக்கு உன் முறை."

"இது உன் படகாச்சே!"

"நண்டு உன்னுதுதானே?"

அவன் சிரித்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தான்.