மூன்று நிற வயரும் ஸ்ரீகண்டனும்

ஸ்ரீகண்டன் என் வீட்டுக்குள் வருவது எனக்குப் பிடிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுபத்து மூன்று வயதில் இதைச் சொல்ல வெட்கமாக இல்லையா என்று கேட்பவர்கள், அவன் படியேறும்போது என் பெண்டாட்டி செண்பகவல்லியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அவன் அடுத்த வீட்டுக்காரன். மனைவி இறந்து நாலு வருஷம். ஏதோ ஆபீசில் மிஷின்களுக்கு ரிப்பேர் பார்த்து ரிட்டயர் ஆனவன். தலைக்குச் சாயம், சட்டைக்கு இஸ்திரி. நான் சாலைக் கடைத்தெருவில் ஒரு பருப்பு மண்டியில் நாற்பத்தைந்து வருஷம் மூட்டை சுமந்தவன். மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. மூட்டையின் வாயில் நல்ல பருப்பும் அடியில் சொத்தையும் வைத்துத் தைத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து, எந்த ஆளையும் வாய்ப்பக்கம் பார்த்து நம்புகிற பழக்கம் எனக்கு இல்லாமல் போயிற்று.

என் மகள் சுஜா மஸ்கட்டுக்குப் போகும்போது தன் பழைய லேப்டாப்பை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் நாலு மணிக்கு அதில் பாட்டு வகுப்பு. இதே ஊர் ஸ்ரீவராகத்தில் இருந்து லலிதாம்பாள் என்ற டீச்சர் சொல்லிக்கொடுக்க, இருபது பெண்கள் அவரவர் வீட்டில் இருந்தபடி பாடுவார்கள். பாட்டின் வரிகள் திரையில் வரும். செண்பகவல்லிக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆனது. லேப்டாப்பின் சின்ன எழுத்து அவள் கண்ணுக்குத் தெரியாது. டிவியில் வந்தால் பெரிதாகத் தெரியும் என்று மகள் போனில் சொன்னாள். இவள் உடனே மதிலோரம் போய் ஸ்ரீகண்டனைக் கேட்டுவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் டிவி பழைய குண்டு டிவி. பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வட்டத் துளைகள். லேப்டாப்பில் இருப்பதோ தட்டையான ஒரே துளை. ஸ்ரீகண்டன் ஒரு துணிப்பையோடு வந்தான். உலகத்தில் உள்ள எல்லாத் துளைக்கும் அதில் ஒரு மூக்கு வைத்திருந்தான். தீப்பெட்டி மாதிரி ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்துக் காட்டினான்.

"இது கன்வெர்ட்டர், கேட்டோ பாட்டுக்காரி. லேப்டாப்புக்கு மலையாளம் மட்டும்தான் அறியும். டிவிக்குத் தமிழ் மட்டும். ரெண்டும் தங்களுக்குள்ள பேசிக்கிடாது. இந்தப் பெட்டி நம்மள மாதிரி. ரெண்டும் அறியும்."

செண்பகவல்லி சிரித்தாள். வாயைப் பொத்தாமல் சிரித்தாள். அவ்வளவு சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

பாட்டுக்காரியாம்! ஐம்பது வருஷமாக நான் அவளை 'ஏட்டி' என்றுதான் கூப்பிடுகிறேன். அவளும் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு நாளோடு போயிருக்க வேண்டியது. ஆனால் அது துலாமாதம், மலையாளத்து ஐப்பசி. வகுப்பு முடிவதற்கும் இடி தொடங்குவதற்கும் சரியாக இருக்கும். மின்னல் வெட்டினால் இந்த ஊரில் எல்லோரும் வயரைப் பிடுங்குவார்கள். நான் ஒன்று விடாமல் பிடுங்குவேன். திரும்ப மாட்டத் தெரியாது. அடுத்த வகுப்புக்கு டிவி வெறும் நீலமாக நிற்கும். இவள் மதிலோரம் போய், "சாரே, படம் வரல்லையே," என்பாள். அவன் பையோடு வருவான். பிறகு காப்பி, பிறகு பேச்சு.

ஒரு நாள் அவன் முன்னாலேயே என்னைக் கேட்டாள். "நீங்களே மாட்டினா என்னவாம்? சாரை எத்தன வாட்டி கூப்பிடுக?"

"அது மூட்டை அடுக்கின கையாக்கும். அண்ணாச்சிக்கு இது பற்றாது," என்றான் அவன்.

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அதற்கப்புறம் நான் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்து அவன் கையையே பார்த்தேன். லேப்டாப்பில் இருந்து தட்டை வயர் பெட்டிக்கு. பெட்டியில் இருந்து மூன்று நிற வயர் டிவிக்கு, நிறத்துக்கு நிறம். கடைசியாகப் பெட்டியின் விலாவில் ஒரு சின்ன வெள்ளை வயர், அதன் மறுமுனை சுவர் பிளக்கில். "கரண்டு இல்லேன்னா பெட்டி ஊமை," என்று அவனே இவளிடம் சொன்னான். ரிமோட்டில் ஒரு பொத்தானை இரண்டு தரம் அமுக்க வேண்டும். அவ்வளவுதான் அவனுடைய வித்தை.

அவள் கோயிலுக்குப் போயிருந்த ஒரு காலையில் நானே மாட்டிப் பார்த்தேன். லேப்டாப்பில் இருந்தது அப்படியே டிவியில் வந்தது. அவள் வந்ததும் காட்டியிருக்கலாம். இனி அவன் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அது போதவில்லை. அவன் தோற்க வேண்டும். அதை அவள் பார்க்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் முதல் தடவையாகத் தனியாகப் பாட வேண்டிய முறை. ஒரு வாரமாக அடுக்களையில் அதே பாட்டுத்தான். அன்று மத்தியானம் அந்தச் சின்ன வெள்ளை வயரை உருவி, சுருட்டி, வேட்டி மடியில் செருகிக்கொண்டேன்.

மூன்றரைக்கு ஸ்ரீகண்டன் வந்தான். எல்லாம் மாட்டினான். திரை நீலமாகவே இருந்தது.

"அண்ணாச்சி, அந்தச் சின்ன வயரு எவிடெ?"

"எனக்கென்னவே தெரியும்? நீருல்லா மாட்டுதவரு."

தேடினார்கள். நானும் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினேன். செய்ததை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? தேடினேன்.

பையைக் கவிழ்த்து ஒவ்வொரு வயராக வைத்துப் பார்த்தான். "பழைய மாடல் வாயி. போன் சார்ஜர் ஒண்ணும் கேறாது," என்றான். காதோரம் வியர்வையோடு சாயம் வடிந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் பார்க்கிறாளா என்று திரும்பினேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், கையில் விசிறியோடு.

"போட்டும் சாரே, வேர்த்து வடியுதே. இருந்து ஒரு வாய் தண்ணி குடியுங்க."

"இல்லை பாட்டுக்காரி, உன் முறையல்லவா? சாலைக் கடைத்தெருவுக்குப் போயி ஒண்ணு வாங்கிட்டு வாரேன். இப்ப வந்துருவேன்."

வெளியே மழை. இடி இல்லை, வெறும் மழை. குடை எடுக்காமல், வலிக்கிற முட்டியோடு ஆட்டோவைப் பார்த்து ஓடினான். செண்பகவல்லி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மழையில ஓடுதாரு பாருங்க, பாவம்."

எத்தனை துலாமழையில் நான் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வீடு வந்திருக்கிறேன். எனக்காக அவள் ஜன்னலில் நின்று நான் பார்த்ததில்லை.

நாலு மணி ஆயிற்று. லேப்டாப்பையே மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். போட்டாள். மறுபடி கழற்றினாள்.

"செண்பகவல்லி அம்மா, அடுத்தது நீங்கதான். ரெடியா இருக்கேளா?" என்று லலிதாம்பாளின் குரல் வந்தது.

"ஒரு நிமிஷம் டீச்சர்." அவள் திரும்பினாள். என்னைத்தான் பார்க்கப்போகிறாள் என்று நினைத்தேன். என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தாள், அவன் வருகிறானா என்று.

அதை என்னால் தாங்க முடியவில்லை. அவன் வருவதற்குள் நான் முடிக்க வேண்டும். மடியை அவிழ்த்து வயரை எடுத்தேன். ஒரு முனை பெட்டியில், மறுமுனை சுவரில். ரிமோட்டை இரண்டு தரம் அமுக்கினேன். நீலம் போய், டீச்சரும் பெரிய பெரிய எழுத்துமாகத் திரை நிறைந்தது.

"மடியிலயா வச்சிருந்திய?" என்றாள்.

"ஆமா."

அதற்கு மேல் பேச நேரமில்லை. டீச்சர் சுருதி போட்டுவிட்டாள். இவள் பாடத் தொடங்கினாள். நடுவில் ஒரு இடத்தில் தடுக்கி, எழுத்தைப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள். நன்றாகத்தான் பாடினாள்.

பாதிப் பாட்டில் ஸ்ரீகண்டன் நனைந்து வந்து வாசலில் நின்றான். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் புது வயர். டிவியைப் பார்த்தான். பெட்டியில் இருந்த பழைய வயரைப் பார்த்தான்.

"எங்க இருந்தாக்கும் கிடைச்சுது?" என்று மெல்லக் கேட்டான்.

"எங்கிட்டதான் இருந்துது," என்றேன்.

அவன் படியில் உட்கார்ந்து, பாட்டு முடிகிற வரைக்கும் கைக்குட்டையால் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தான். திரையில் இருபது பெண்களும் கை தட்டினார்கள். அவனும் தட்டினான்.

வகுப்பு முடிந்ததும் செண்பகவல்லி வெளியே வந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. அவனுக்குத் தலை துவட்ட ஒரு துவர்த்தைக் கொடுத்தாள்.

"சாரே, இனி நீங்க வயரு மாட்ட வரண்டாம். இவுகளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. இவுகளே மாட்டுவாக."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"செவ்வாய்க்கிழம சும்மா வாங்க. இருந்து பாட்டுக் கேட்டு, காப்பி குடிச்சிட்டுப் போலாம்."

ஸ்ரீகண்டன் தலை துவட்டுவதை நிறுத்தினான். "அண்ணாச்சி என்ன சொல்லுறாரு?"

"நான் என்னத்தச் சொல்ல? வாரும்," என்றேன்.

செவ்வாய்க்கிழமை மூன்றே முக்காலுக்கே வந்துவிட்டான். கையில் பை இல்லை. வீட்டில் இருக்கிற ஒரே நல்ல நாற்காலியில் உட்கார்ந்தான். நான் டிவிக்குப் பின்னால் குனிந்து, மஞ்சளை மஞ்சளிலும் சிவப்பைச் சிவப்பிலும் செருகிக்கொண்டிருந்தேன். முன்னால் அவன் ஏதோ சொன்னான், அவள் சிரித்தாள். என்ன சொன்னான் என்று அங்கிருந்து கேட்கவில்லை.