ஏறியாச்சு

அந்தப் படகுக்குக் கிழவி என்று பட்டப்பெயர். தீவில் இருக்கிற எல்லாரையும்விட அதற்கு வயது அதிகம். இருமிக்கொண்டேதான் கிளம்பும், ஆனாலும் நகரத்துக்குப் போக அதை விட்டால் வேறு கதியில்லை. கிளம்பும் முன் படகோட்டி மேலிருந்து, "எல்லாரும் ஏறியாச்சா?" என்பார். கடைசியாக ஏறியவர் "ஏறியாச்சு" என்றால்தான் கயிற்றை அவிழ்ப்பார்கள்.

அதைச் சொல்வதில் தையல்காரியின் மகளுக்குக் கொள்ளை ஆசை. அதற்காகவே அம்மாவைப் பிடித்து நிறுத்திக் கடைசியாக ஏறவைப்பாள். அன்று ஒரே அவசரம். துணி மூட்டையை உள்ளே தள்ளிய கையோடு தையல்காரியே "ஏறியாச்சு" என்றுவிட்டாள். பாழாய்ப்போன வாய், சும்மா இருந்திருக்கக் கூடாதா? படகு நகர்ந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் மகள் இல்லை.

கரைக்கும் படகுக்கும் நடுவே, கறுத்த தண்ணீரில் ஒரு சின்னச் சிவப்புச் செருப்பு மிதந்தது. நேற்று வாங்கியது.

"இஞ்சினை நிறுத்துங்க. என் பொண்ணு தண்ணியில..."

படகோட்டி நிறுத்தினார். டிக்கெட்காரர் குப்புறப் படுத்து நீளக் கழியால் தண்ணீரைத் துழாவினார். தையல்காரி மகளைக் கூப்பிட்டு அலறினாள். குதிக்கப் போனவளை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். அதற்குள் நீரோட்டம் கிழவியைப் கட்டி முடிக்காமல் விட்ட பாலத்துத் தூண் பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

"அக்கா, இஞ்சினைப் போடலேன்னா தூண்ல அடிச்சு எல்லாருமே போயிடுவோம்," என்றார் படகோட்டி.

"போட்டா அடியில சுத்துற விசிறி அவளை வெட்டிடும்ணே. வேண்டாம்."

தூண் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. படகோட்டி இஞ்சின் பிடியைப் பற்றினார். போடுவதென்றால் முதலில் கேட்டாக வேண்டும். அத்தனை வருஷப் பழக்கத்தில் வாய் தானாகக் கேட்டது.

"எல்லாரும் ஏறியாச்சா?"

"ஏறியாச்சு," என்றது ஒரு சின்னக் குரல், பெஞ்சுக்கு அடியிலிருந்து.

இஞ்சின் உறுமியது. கிழவி தூணை உரசிக்கொண்டு விலகியது. மூட்டைகளை விலக்கிக்கொண்டு மகள் தவழ்ந்து வந்தாள், ஒரு காலில் செருப்பில்லாமல். ஏறும்போது கழன்று விழுந்துவிட்டதாம். அம்மா அலற அலற இன்னும் உள்ளே ஒடுங்கியிருக்கிறாள், பாவம்.

தையல்காரி வாரி அணைக்கக் கை நீட்டினாள். மகள் பின்வாங்கினாள்.

"செருப்பைத் தொலைச்சா தோலை உரிச்சிடுவேன்னு சொன்னியேம்மா. நிஜமாவே உரிச்சிடுவியா?"

நீட்டிய கை அப்படியே நின்றது.