பத்துக்கு ஏழு

ஆசிரியர் கல்விச் சங்கத்தில் தலைவர் பதவிக்கு ஆள் தேட வேண்டியதில்லை. மேடையில் நடு நாற்காலி, எந்தக் கூட்டத்திலும் முதல் பேச்சு, யாருக்குத்தான் கசக்கும். துணைத் தலைவர் பதவிக்கும் ஆள் வந்துவிடும். தலைவருக்குச் சளி பிடிக்கும்வரை சும்மா இருக்கலாம். பொருளாளர் வருடத்துக்கு ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். மிச்சமிருக்கும் வேலை அத்தனையும் செயலாளர் தலையில். கூட்ட அறிவிப்பு, மாநாட்டுக்கு மண்டபம், மைக், மைக் வேலை செய்யாவிட்டால் அதற்குத் திட்டு, எல்லாம் அந்த ஒரு தலைக்குத்தான்.

அந்தத் தலை ஆறு வருடமாக அவளுடையது. இரண்டு வருடம் என்று சொல்லித்தான் தலையில் கட்டினார்கள். முதல் இரண்டு வருடம் முடிந்து தேர்தல் வைத்தபோது ஒருவர்கூட மனுப் போடவில்லை. அடுத்த தேர்தலில் இரண்டு பேர் போட்டார்கள். "நீங்கதான் சீனியர், நீங்க இருங்க" என்று இவர் அவருக்கும், அவர் இவருக்கும் விட்டுக்கொடுத்து, ஒரே நாளில் இருவரும் வாபஸ் வாங்கினார்கள். தேர்தல் நடக்காமல் போனால் பழைய செயலாளரே தொடர வேண்டும் என்பது விதி. ராஜினாமா செய்யலாமே என்றால், செயலாளரின் ராஜினாமாவைச் செயலாளரே பெற்றுச் செயற்குழுவில் வைக்க வேண்டும். அவளும் தன் கடிதத்தைத் தானே வாங்கி, தானே வைத்தாள். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். அதோடு அது கிணற்றில் போட்ட கல்.

இதில் வயிறெரிவதற்கு அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. வேறு ஊரில் தனியாக இருக்கும் அக்காவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய்விட்டன. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லி நான்கு வருடம் ஆகிறது. அதற்குப்பின் மூன்று மாதம் பக்கத்தில் ஒருவர் இருந்து நடக்கப் பழக்க வேண்டும். அத்தானும் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை குட்டியும் இல்லை, தங்கை ஒருத்திதான். தேர்தல் முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று அவள் சொல்லி, இரண்டு தடவை நாள் குறித்தார்கள். இரண்டு தடவையும் தேர்தல் கவிழ்ந்தது, ஆபரேஷனும் தள்ளிப்போனது. செயலாளர் ஒரு வாரத்துக்கு மேல் ஊரை விட்டுப் போகக் கூடாது என்று அதற்கும் ஒரு விதி வைத்திருந்தார்கள். விதியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் போவார்கள். அவளுக்கு அந்தப் புத்தி வரவில்லை. அதற்காகவும் அவளுக்கு அவள்மேலேயே எரிச்சல்.

இப்போது மூன்றாவது தடவை. ஞாயிற்றுக்கிழமை தேர்தல், புதன்கிழமை ஆபரேஷன். அவள் பாடம் நடத்தும் கல்லூரியில் மூன்று மாத விடுப்பும் வாங்கியாகிவிட்டது.

ஞாயிறு காலை, கூட்டம் நடக்கிற கல்லூரியின் தாழ்வாரத்தில் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள்.

"என்னடி, உன் சங்கம் இன்னும் உயிரோட இருக்கா?"

"இந்தத் தடவை மூணு பேர் நிக்கிறாங்கக்கா. எவனும் வாபஸ் வாங்கல. இன்னைக்கு முடிஞ்சிரும்."

"போன தடவையும் இதைத்தான் சொன்ன. எனக்கு வேணாம், முதல்ல உன் சங்கத்துக்கு ஆபரேஷன் பண்ணச் சொல்லு."

"கண்டிப்பா வரேன்கா."

"நீ வரும்போது நான் தவழ்ந்துதான் கதவைத் திறப்பேன்" என்று சொல்லி அக்கா வைத்துவிட்டாள்.

உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாரும் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளர்கள். நாளைக்கு வாத்தியாராகப் போகிறவர்களுக்கு இன்றைக்கு வாத்தியார்கள். வருடத்தில் பாதி நாள் பள்ளிக்கூட வகுப்பறைகளின் கடைசி பெஞ்சில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து, பயிற்சி மாணவர்கள் பாடம் நடத்துவதைப் பார்த்து மார்க் போடுவது அவர்கள் தொழில். இங்கேயும் வந்ததும் கடைசி வரிசைதான் முதலில் நிரம்பியது. முன்னால் வாருங்கள் என்று அவள் மைக்கில் கெஞ்சினாள். ஒருவரும் அசையவில்லை.

வேட்பாளர்கள் மூவரும் பத்துப் பத்து நிமிடம் பேச வேண்டும், பிறகு வாக்கெடுப்பு. முதலில் எழுந்தவர் ஒரு கல்லூரி முதல்வர். அவருக்குச் 'சுற்றறிக்கை' என்று பெயர். வீட்டில் காப்பி கேட்பதைக்கூட எழுத்தில் கேட்பார் என்று சொல்வார்கள். "பொருள், எனது வேட்புமனு தொடர்பாக" என்றுதான் பேச்சையே தொடங்கினார். தாம் வென்றால் பொறுப்பேற்பதற்கு ஒரு குழு அமைக்கப்படும், அக்குழு மூன்று மாதத்தில் அறிக்கை தரும், அதுவரை மேற்படி செயலாளரே தொடர்வார் என்றார். மேற்படி செயலாளர் அந்த மூன்று மாதத்தை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

அடுத்தவர் 'ஸ்லைடு' சார். ப்ரொஜெக்டர் இல்லாமல் அவரால் வணக்கம்கூடச் சொல்ல முடியாது. வட்டத்துக்குள் வட்டம், அதிலிருந்து நாலாபுறமும் அம்புக்குறி. அம்புகளெல்லாம் போய்ச் சேர்கிற நடு வட்டத்தில் 'நிரந்தர ஆலோசகர்' என்று எழுதியிருந்தது. "அது வேற யாரும் இல்ல, நம்ம இப்போதைய செயலாளர் மேடம்தான். அவங்களை விட்டுற முடியுமா?" என்று அவர் சிரித்தார். கைதட்டினார்கள். கையிலிருந்த பேனாவை எறிந்துவிடாமல் இருக்க அவள் படாத பாடு பட்டாள்.

மூன்றாவது, எல்லாரும் 'சின்ன டீச்சர்' என்று கூப்பிடுகிற பெண். அறிவியல் பாடம் கற்பிக்கும் முறையைச் சொல்லித் தருகிறவள், போன வருடம்தான் சங்கத்தில் சேர்ந்தவள். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். நிமிடத்துக்கு ஒரு தடவை போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க பிரின்சிபால்தான் என் பேரைப் போட்டாங்க. போட்டப்புறம்தான் எனக்கே தெரியும். ஜெயிச்சா, கொடுக்கிற வேலையைச் செய்வேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கடைசி வரிசையில் ஒருவர், "முன்னுரை இருக்கு, முடிவுரை இல்ல" என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார். பக்கத்தில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

வாக்குச்சீட்டு அவளே தட்டச்சு செய்தது. மூன்று பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். 'தாங்கள் தேர்ந்தெடுக்கும் ஒருவருக்கு மட்டும் சரிக்குறி இடவும்' என்று மேலே தடித்த எழுத்தில் போட்டிருந்தாள். தன் சீட்டை வாங்கிக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போனபோது அவள் அதிகம் யோசிக்கவில்லை. சுற்றறிக்கை வந்தால் மூன்று மாதம் போச்சு. ஸ்லைடு வந்தால் ஆயுளுக்கும் ஆலோசகர். சங்க அலுவலகச் சாவியை நீட்டினால் மறு பேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளக் கூடியவள் அந்தப் பெண் ஒருத்திதான். முடியாது என்று சொல்லத் தெரியாத முகம். தன் முகமும் ஆறு வருடத்துக்கு முன்னால் அப்படித்தான் இருந்திருக்கும். அழுத்தி ஒரு சரிக்குறி போட்டு, மடித்துப் பெட்டியில் போட்டாள்.

எண்ணுவதற்குப் பக்கத்து அறையில் தேர்தல் அதிகாரியும் அவளும் உட்கார்ந்தார்கள். அதிகாரி ஓய்வுபெற்ற முதல்வர். சங்க விதிப் புத்தகத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிற மனிதர். முதல் சீட்டைப் பிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்னம்மா இது?"

மூன்று கட்டத்திலும் மூன்று எண்கள். ஏழு, ஏழு, ஆறு.

"யாரோ தெரியாம மார்க் போட்டுட்டாங்க சார். அடுத்ததைப் பிரிங்க."

அடுத்ததில் ஏழு, எட்டு, ஏழு. அதற்கடுத்ததில் ஏழரை. ஒரு சீட்டில் ஸ்லைடு சார் பெயருக்குப் பக்கத்தில் 'துணைக்கருவிகள் மிகுதி' என்று சிவப்பில் எழுதியிருந்தது. இன்னொன்றில் சின்ன டீச்சருக்கு, 'குரல் தெளிவு. நேர மேலாண்மையில் கவனம் தேவை.' சுற்றறிக்கைக்கு ஒருவர் ஆறு போட்டு, அடித்து, ஏழாக்கி, அடித்ததற்குச் சுருக்கொப்பம் வேறு வைத்திருந்தார்.

"செல்லாது" என்றார் அதிகாரி. "செல்லாது. இதுவும் செல்லாது."

அவளுக்கு உச்சந்தலையில் ஏறியது. "மேல அவ்ளோ பெருசா போட்டிருக்கே சார். பசங்ககிட்ட கேள்வியைப் படிச்சுட்டுப் பதில் எழுது, கேள்வியைப் படிச்சுட்டுப் பதில் எழுதுன்னு தொண்டை வத்தக் கத்துறவங்க இவங்கதானே. ஒருத்தராவது படிச்சாங்களா? பேச்சைக் கேட்டதும் கை தானாப் போய் மார்க் போட்டிருக்கு."

"பழக்கம்மா."

"கூட்டிப் பாத்துரலாம் சார். யாருக்கு மார்க் அதிகமோ அவங்க செயலாளர்."

"விதியில கூட்டல் இல்லம்மா" என்றார் அவர், வருத்தத்தோடுதான்.

கூட்டினாலும் பிரயோஜனம் இருந்திருக்காது. ஆறுக்குக் கீழே போட்டால் மனம் நோகும், எட்டுக்கு மேலே போட்டால் தலைக்கனம் வரும் என்று வருடக்கணக்காக மார்க் போட்டுப் பழகிய கைகள். திரும்பின பக்கமெல்லாம் ஏழு. செல்லாத சீட்டுகள் மேசைமேல் குவியக் குவிய, அவளுக்கு அக்காவின் முழங்கால்தான் கண்முன் வந்தது. இன்னும் இரண்டு வருடம். என்ன சொல்லிப் போன் செய்வது? வாத்தியார்கள் மார்க் போட்டுவிட்டார்கள், அதனால் உனக்கு ஆபரேஷன் இல்லை என்றா? அழுகை வந்தது. இந்தக் கூட்டத்துக்காக அழுவதா என்று அதையும் அடக்கிக்கொண்டாள்.

பெட்டியின் அடியிலிருந்து அதிகாரி ஒரு சீட்டை எடுத்தார். பிரித்தார். அசையாமல் பார்த்தார்.

"இது செல்லும்" என்றார்.

சின்ன டீச்சர் பெயருக்கு எதிரே ஒரு சரிக்குறி. அழுத்தமான நீல மை. தான் போட்ட குறி அவளுக்குத் தெரியாதா என்ன.

மிச்சச் சீட்டுகளிலும் ஏழுதான். அதிகாரி விதிப் புத்தகத்தை எடுத்து விரலால் தடவித் தடவிப் படித்தார். "செல்லுபடியான வாக்குகளில் அதிகம் பெற்றவர் வெற்றி பெற்றவராவார். இவ்ளோதான் போட்டிருக்கு. அதிகம்னா எத்தனைன்னு போடல. ஒண்ணுக்குப் பூஜ்யம். அந்தப் பொண்ணு ஜெயிச்சாச்சு."

"செல்லுமா சார்?"

"விதிப்படி செல்லும். அந்த ஓட்டு யாரோடதுன்னு நான் கேக்க மாட்டேன்" என்று சொல்லி, அவள் கையிலிருந்த நீலப் பேனாவை ஒருமுறை பார்த்துவிட்டு, புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு ஓட்டுதான் செல்லும், மற்றதிலெல்லாம் மார்க் என்று சொல்லி அதிகாரி முடிவை அறிவித்தார். கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், சரிக்குறி போட்ட அந்த அரைகுறை யார் என்று தேடுவதைப்போல. சுற்றறிக்கை எழுந்தார். மேல்முறையீடு செய்யப் போகிறார் என்று அவள் பயந்தாள். "முடிவை ஏற்கிறேன். எனது சராசரி மதிப்பெண்ணை மட்டும் தெரியப்படுத்தவும்" என்றார். ஸ்லைடு சாருக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

கூட்டம் கலைந்தபின் அலுவலக அறையில் அவள் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தாள். ஆறு வருடமாக எப்போது கழற்றுவோம் என்று ஏங்கிய சாவி. எதிரே சின்ன டீச்சர் நின்றாள். கைப்பையில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

"குழந்தை அழுறானாம். அரை மணி நேரத்துல வரேன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

'வரேன்' என்ற அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. இதைச் சொல்லாமல் போனால் மூன்று மாதமும் தூக்கம் வராது என்று தோன்றியது.

"அந்த ஒரு ஓட்டு என்னோடது. உங்க தெறமையைப் பாத்துப் போடல. நீங்க வேணாம்னு சொல்ல மாட்டீங்கன்னு போட்டேன்."

"தெரியும் மேடம்."

"எப்படித் தெரியும்?"

"அந்த ஹால்ல மேல எழுதியிருந்ததைப் படிச்சிருக்கக் கூடியவங்க நீங்க மட்டும்தான். எழுதினதே நீங்கதானே" என்று சின்ன டீச்சர் லேசாகச் சிரித்தாள். "நானும் மார்க்தான் போட்டேன். எனக்கு நானே ஆறுதான் போட்டுக்கிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க. இன்னும் நான் மினிட்ஸ்ல எழுதல. நானே இருந்துக்கறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அந்தப் பெண் வேணாம் என்றுவிடுவாளோ என்று சாவிக்கொத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினாள். சின்ன டீச்சர் சாவியைப் பார்த்தாள்.

"நீங்க யாரையோ பாக்கப் போகணும்னு எல்லாரும் சொல்றாங்க. போயிட்டு வாங்க மேடம். எனக்கு முடியலேன்னா நானும் உங்கள மாதிரியே, வேணாம்னு சொல்லத் தெரியாத ஒரு முகத்தைத் தேடிக் கண்டுபிடிச்சுக்கறேன்."

சின்ன டீச்சர் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேகமாகப் படியிறங்கினாள்.

மினிட்ஸை எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டபின், வெறும் அறையில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் செய்தாள்.

"வரேன்கா."

"எந்த வருஷம்?"

"நாளைக்குக் காலையில. முடிஞ்சிருச்சு. வேற ஒருத்தங்க வந்தாச்சு."

அக்கா எழுந்து உட்கார்ந்தாள் போல, அந்தப் பக்கத்தில் கட்டில் கிறீச்சிட்டது.

"நெஜமாவா?" என்றாள் அக்கா. குரல் மாறியிருந்தது. "நெஜமா முடிஞ்சிருச்சா?"

"நெஜமாத்தான். ஏன், உனக்குச் சந்தோஷமா இல்லையா?"

"இல்லடி. எனக்குப் பயமா இருக்கு. ரெண்டு தடவையும் உன் தேர்தல் நடக்கலேன்னு சொன்னப்போ உன்னை அந்தத் திட்டுத் திட்டினேனே. திட்டிட்டு, போனை வச்சிட்டு, அப்பாடான்னு படுத்துத் தூங்கினேன். இந்தத் தடவையும் கவுந்துரும்னுதான் நெனச்சேன். உன் அத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரலியேடி."

நான்கு வருடம். அந்த ராஜினாமா, அத்தனை கெஞ்சல், அத்தனை எரிச்சல். எதிரே இருந்திருந்தால் அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கியிருப்பாள். போனுக்குள் அக்கா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பயமாக இருக்கிறது என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எந்த விதியையும் பார்க்காமல் அன்றைக்கே ஓடியிருப்பாள்.

"அழாத" என்றாள், தானும் அழுதுகொண்டே. "நாளைக்குக் காலையில நான் வந்து நிப்பேன். அதுக்குள்ள எங்கயாவது வாபஸ் கிபஸ் வாங்கின, காலை நானே ஒடிப்பேன். துணியெல்லாம் எடுத்து வை."