கண்ணாடியை ஏத்து

ஆஸ்பத்திரியிலிருந்து மூன்றாவது முறையாக போன் வந்தபோது நான் ஒரு பழைய வண்டியின் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு மல்லாந்து கிடந்தேன். நர்ஸம்மாதான். "வருவாங்களா மாட்டாங்களா, ஒரே பேச்சா சொல்லிடுங்க சார். அஞ்சு தடவை மருந்து ஏத்தியாச்சு, இன்னும் மூணே தடவைதான். இந்த வெள்ளிக்கிழமை வந்தா விட்ட இடத்துல இருந்து தொடரலாம்னு டாக்டர் சொல்றாங்க. அதைத் தாண்டிப் போச்சுன்னா எங்க கையில ஒண்ணும் இல்ல." கண்டிப்பாகக் கூட்டிவருகிறேன் என்று என் வாய் சொல்லிவிட்டது. எப்படிக் கூட்டிப்போவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. அன்று செவ்வாய்.

என் மனைவி இனி ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று சொல்லி இரண்டு வாரமாகியிருந்தது. அவள் அடம்பிடிக்கிற ரகமே இல்லை. முப்பத்தோரு வருடத்தில் அவள் ஒரு காரியத்துக்கு முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. கேட்கிற மாதிரி நான் இருந்ததில்லை என்றும் சொல்லலாம். "அந்த வண்டியில ஏறி அவ்வளவு தூரம் என்னால வர முடியாதுங்க. போதும்" என்றாள். என் காதில் 'முடியாது, போதும்' மட்டும்தான் விழுந்தது. கெஞ்சினேன். கத்தினேன். வெளியூரில் இருக்கும் மகளிடம் சொல்லி போனில் அழவைத்தேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நான் பழைய வண்டிகளுக்கு ஏ.சி.யும் ஹீட்டரும் பார்க்கிறவன். ஊரில் என் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, 'கூலிங்' என்றால் ஷெட் வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். வேலையில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் குறை சொல்கிறார்களோ அவர்கள் உட்கார்ந்த இடத்தில் போய் நான் உட்காருவேன். முன்னால் குளிருகிறது, பின்னால் புழுங்குகிறது என்றால் பின்சீட்டில் அரைமணி நேரம் உட்கார்ந்து, வண்டிக்காரரை ஓட்டச் சொல்வேன். பானட்டைத் திறப்பதெல்லாம் அதற்கப்புறம்தான். மற்ற மெக்கானிக்குகள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். 'கூலிங் வேலை பாக்குறதே இல்லப்பா, சவாரிதான் போறாரு' என்பார்கள். சிரிக்கட்டும். அவர்களிடம் சரியாகாத வண்டியெல்லாம் கடைசியில் என்னிடம்தானே வருகிறது.

என் சொந்த வண்டிக்கு இருபத்திரண்டு வயது. ஓட்டுகிறவன் நான். பக்கத்து சீட்டில் அவள். ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். மருந்து ஏற்றும் உடம்பு, வெயில் படக்கூடாது, குளுகுளுவென்று போய்வரட்டும் என்று நான் செய்ததையெல்லாம் சொல்ல வேண்டும். புது கம்ப்ரஸர் போட்டேன். கேஸ் மாற்றினேன். ஒவ்வொரு முறையும் கண்ணாடிகளை இறுக மூடி, வெளிக்காற்று வராமல் அடைத்து, ப்ளோயரைக் கடைசி எண்ணில் வைத்து, அவள் பக்கத்துக் காற்றுவாயை அவள் முகத்துக்கு நேராகத் திருப்பிவிடுவேன். "எப்படி இருக்கு?" என்று பெருமையாகக் கேட்பேன். அவள் தலையாட்டுவாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை வைத்திருப்பாள்.

கால் மணி நேரம் போனதும் மெதுவாகக் கண்ணாடியை இறக்குவாள். எனக்கு வரும் பாருங்கள் கோபம். "கண்ணாடியை ஏத்து! கூலிங் எல்லாம் வெளிய போகுது!" இந்த வசனத்தை நான் ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறேன், தொழில் வாய். அவள் ஏற்றிவிடுவாள். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடித்து சீட்டின் மேல் வைத்துக்கொள்வாள். அதற்கும் திட்டுவேன், சீட்டுத் துணி கிழிந்துவிடும் என்று. ஒருமுறை, இரண்டாவது பயணம் என்று நினைக்கிறேன், "வண்டிக்குள்ள ஏதோ இனிப்பா ஒரு வாடை வருதுங்க" என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முப்பது வருடம் ஆயிலும் கேஸும் முகர்ந்த மூக்கு. "மருந்து ஏத்தினா அப்படித்தான் இருக்கும்னு டாக்டரே சொன்னாரில்ல" என்றேன். இன்னொரு முறை, காலுக்கடியில் சுடுகிறது என்றாள். மருந்தால் பாதம் எரியும் என்று கொடுத்த தாளில் போட்டிருந்தது. அதைப் படித்துக் காட்டினேன். நல்ல படிப்பாளி நான். அதற்கடுத்த முறை, "பஸ்லயே போயிடலாமே" என்றாள். ஊருக்கெல்லாம் கூலிங் போடுகிறவன் பெண்டாட்டி பஸ்ஸில் போவதா என்று எனக்கு ரோஷம் வந்து அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அதோடு அவள் வாய் திறக்கவில்லை.

புதன்கிழமை காலை ரிட்டையர்டான போஸ்ட்மேன் ஒருவர் தன் வண்டியோடு வந்தார். பக்கத்தில் அவர் வீட்டம்மா. குறை அந்த அம்மாவுக்குத்தான். "வண்டியில ஏறினா எனக்குத் தலை சுத்துதுப்பா. ஏதோ பாகு காய்ச்சின மாதிரி ஒரு வாடை" என்றார். பெரியவர் இடைமறித்தார். "இவளுக்கு எதுலதான் வாடை வரல? நானும் தினம் ஓட்டுறேன், எனக்கு ஒண்ணும் தெரியலையே." எனக்கு உற்சாகமாகிவிட்டது. இந்த மாதிரி ஆட்களை வாரிவிடுவதில் எனக்கு ஒரு தனி ருசி. "பெரியவரே, ஓட்டுறவன் பேச்சை நான் நம்புறதே இல்ல. அம்மா, நீங்க இறங்குங்க, நான் உங்க இடத்துல உக்காரறேன்" என்றேன்.

உட்கார்ந்ததும் முன் கண்ணாடியின் உள்பக்கத்தை விரலால் தேய்த்துப் பார்த்தேன். பிசுபிசுவென்று ஒட்டியது. மிதியடியைத் தூக்கினால் கம்பளம் ஈரம். ஆளைப் பார்த்ததும் ஜுரம் என்று சொல்கிற டாக்டர் மாதிரி நான் அப்படியே சொல்லத் தொடங்கினேன். டேஷ்போர்டுக்குள் ஹீட்டருக்கு என்று கையளவு ஒரு சின்ன ரேடியேட்டர் இருக்கிறது; ஹீட்டரைப் போட்டாலும் போடாவிட்டாலும் இன்ஜினின் சுடுதண்ணீர் அது வழியாக ஓடிக்கொண்டே இருக்கும்; அது ஓட்டையாகிவிட்டது; அந்தத் தண்ணீரில் கலந்திருக்கும் இனிப்பு வாடைக் கூலன்ட் ஆவியாகிக் காற்றோடு வருகிறது, மிச்சம் காலடியில் வடிகிறது. "அம்மா சொல்றது நூத்துக்கு நூறு நிஜம் பெரியவரே. கண்ணாடியை வேற மூடி வெச்சு ஏ.சி.யைப் போட்டீங்கன்னா அந்த ஆவியையே திரும்பத் திரும்ப இழுக்கணும். நல்ல உடம்புக்கே குமட்டும். இதுல சீக்கு உடம்பா இருந்தா..."

பெரியவர், "இருந்தா?" என்று கேட்டார். நான் அந்த அம்மாவின் சீட்டில் உட்கார்ந்து என் விரல் நுனியில் ஒட்டியிருந்த பிசுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே பிசுக்கை என் வண்டிக் கண்ணாடியில் ஐந்து மாதமாக வாரம் தவறாமல் பழந்துணியால் துடைத்து, தூசியைத் திட்டியவன் நான். என் வண்டியின் ரேடியேட்டருக்கு வாராவாரம் அரை பாட்டில் கூலன்ட் ஊற்றி, வயசான வண்டி, குடிக்கட்டும் என்று வேடிக்கை பேசியவன். ஐந்தாவது முறை அவள் எங்கே வாந்தி எடுத்தாள்? திரும்பும்போது இல்லை. போகும்போது. மருந்து ஏற்றின பிறகு குமட்டினால் அது மருந்து. ஏற்றுவதற்கு முன்பே குமட்டினால் அது என்ன என்று ஒரு சின்னக் குழந்தை கேட்டிருக்கும். எவனோ ஒருவன் பெண்டாட்டி சொன்னால் ஓடிப்போய் அவள் சீட்டில் உட்காருகிறேன். ஐந்து மாதத்தில் என் வண்டியின் பக்கத்து சீட்டில் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தேனா? அங்கேயே அடித்துக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது.

பெரியவரை வண்டியை நிறுத்திவிட்டுப் போகச் சொல்லிவிட்டு ஷெட்டின் கதவைப் பாதி இறக்கினேன். என் வண்டியை உள்ளே ஏற்றினேன். ஹீட்டருக்குப் போய்வரும் இரண்டு குழாயையும் வெளியிலேயே இணைத்து, அதற்குத் தண்ணீர் போகாமல் பண்ணினால் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை. மனசு கேட்கவில்லை. டேஷ்போர்டு முழுவதையும் கழற்றினேன். அந்தச் சின்ன ரேடியேட்டரை வெளியே எடுத்தபோது அதன் ஓரம் முழுக்கப் பச்சையாகப் பூத்துப்போய் இருந்தது. இதை இன்னொருவன் வண்டியில் பார்த்திருந்தால் 'குருடனாய்யா நீ' என்று கேட்டிருப்பேன். வைதுகொண்டேன், வாய்விட்டு, கெட்ட வார்த்தையில். ஷெட்டில் என்னைத் தவிர யாருமில்லை.

கம்பளத்தைப் பிரிக்கலாம் என்று அவள் பக்கத்து ரப்பர் மிதியடியைத் தூக்கினேன். அடியில் செய்தித்தாள். நாலாக மடித்து, ஒன்றன் மேல் ஒன்றாக, ஓரம் பிசகாமல், அவள் வீட்டு அலமாரியில் விரிப்பாளே, அந்த மாதிரி. மேலே கிடந்தது இன்னும் ஈரம். அடியில் இருந்தவை காய்ந்து அட்டையாக ஒட்டிப்போயிருந்தன. கத்தியை விட்டு ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஐந்து. ஒவ்வொன்றின் மேலேயும் தேதி இருந்தது. அந்தத் தேதிகளை நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, ஆஸ்பத்திரிச் சீட்டில் வரிசையாகப் போட்டிருக்கும் அதே தேதிகள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதோ டயரை உதைத்துப் பார்க்கும்போதோ, மொட்டைத் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, குனிந்து, என் கண்ணில் படாமல் விரித்திருக்கிறாள். என் பிழையை மூடி வைத்திருக்கிறாள். டேஷ்போர்டு இல்லாத வண்டிக்குள், கம்பிகள் தொங்க, அவள் இடத்தில் உட்கார்ந்து அழுதேன். நன்றாகவே அழுதேன்.

புது ரேடியேட்டர், புதுக் குழாய், புதுக் கம்பளம். காற்று போகும் பெட்டியைக் கழற்றி நாலு முறை கழுவினேன். என் மூக்கை நம்பாமல் பக்கத்து டீக்கடைக்காரம்மாவைக் கூப்பிட்டு, பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, ஏ.சி.யைப் போட்டு, "வாடை வருதா?" என்று கேட்டேன். "உங்க மேலதாண்ணே வருது, போய்க் குளிங்க" என்றாள். அப்போது வியாழக்கிழமை சாயங்காலம் ஆகியிருந்தது.

வீட்டுக்குப் போனேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி என்ற வார்த்தையை நான் எடுக்கவில்லை. "வண்டியைச் சரி பண்ணிட்டேன். சும்மா ஒரு சுத்து போயிட்டு வரலாம், வரியாம்மா?" என்றேன். என் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் பச்சை. துணியை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டாள். படியிறங்கும்போது அவள் தோளைப் பிடித்தேன். பிடிக்க அங்கே அதிகம் இல்லை.

வண்டியில் ஏறியதும் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றிக் காலை மடக்கி மேலே வைத்துக்கொண்டாள். ஏ.சி.யைப் போட்டேன். ப்ளோயரை இரண்டோடு நிறுத்தினேன். நாலைந்து தெரு தாண்டும்வரை அவள் மூச்சை அளந்து அளந்து விட்டுக்கொண்டிருப்பது எனக்குக் கேட்டது. அப்புறம் நன்றாக ஒருமுறை இழுத்தாள்.

"வாடை போயிடுச்சு" என்றாள்.

"ம்."

"நிஜமாவே இருந்துச்சா? எனக்கு மட்டும்தான் அப்படி வருதோன்னு நானே நினைச்சுட்டேன்."

"இருந்துச்சும்மா. பேப்பரையும் பாத்தேன்." கியரை மாற்றினேன். "இன்னொரு தடவை சொல்லியிருக்கக்கூடாதா? மண்டையில அடிச்சுச் சொல்லியிருக்கலாமே."

"ரெண்டு தடவை சொன்னேன். மூணாவது தடவை சொன்னா உங்க வேலையில குத்தம் சொல்ற மாதிரி ஆயிடும்." கொஞ்சம் சிரித்தாள். "கூலிங்குக்கே கூலிங் சொல்லித் தர்றதான்னு இருந்துச்சு."

பெரிய சாலைக்கு வந்துவிட்டோம். ஆஸ்பத்திரிக்குப் போகிற அதே சாலைதான். வேறு வழியும் இல்லை. கேட்கக்கூடாது, கேட்கக்கூடாது என்று இருந்தும் கேட்டுவிட்டேன். "நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொன்னாங்க. இனிமே வாடை வராது. போலாமா?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் வரமாட்டேன்னு சொன்னது பாதி இந்த வண்டியினாலதாங்க. மீதிப் பாதி எனக்கே முடியாமதான்."

"எந்தப் பாதி பெருசு?"

"அது தெரிஞ்சா சொல்லமாட்டேனா."

அந்த இரண்டு வாரத்தை எங்கே போய் வாங்குவது? அவள் மனசில் அந்த வண்டியும் மருந்தும் சேர்ந்து ஒன்றாகிப்போனதை எதைக் கழற்றிப் பிரிப்பது? என் தொழிலில் அதற்குச் சாமான் இல்லை. அவள் என் பக்கம் திரும்பவில்லை. மெதுவாக மடக்கியிருந்த காலை நீட்டி ஒவ்வொன்றாகக் கீழே வைத்தாள். புதுக் கம்பளத்தின் மேல் வெறும் பாதத்தை முன்னும் பின்னும் தேய்த்துப் பார்த்தாள். ஈரம் இல்லை. அங்கேயே வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச தூரம் போனதும் கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை முழுசாக இறக்கினாள். காற்று அடித்ததில் தலையில் கட்டியிருந்த துணி அவிழ்ந்து தோளில் விழுந்தது. அதை அவள் எடுத்துக் கட்டவில்லை, கண்ணை மூடி முகத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். கூலிங் எல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன்.