நிரம்பாத ஒரு கட்டம்

கணக்கு டீச்சர் மொத்த மதிப்பெண்ணை ஒழித்துக்கட்டிய மாதத்திலேயே ஆசிரியர் அறையில் அவர் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாகிவிட்டது. சண்டை சச்சரவு எதுவும் இல்லை. சண்டை போடுவதற்காவது ஒருவர் கிட்டே வர வேண்டும். இங்கே அந்தப் பாக்கியமும் அவருக்கு வாய்க்கவில்லை.

அப்படி அவர் செய்த மகாபாதகம் இதுதான். நூற்றுக்கு இத்தனை என்று போடுவதை நிறுத்திவிட்டார். பின்னம், சதவீதம், விகிதம், பரப்பளவு என்று பிள்ளைகள் கற்க வேண்டியதைத் தனித்தனியாகப் பிரித்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் ‘ஆரம்பம்’, ‘பாதி வழி’, ‘எட்டியாச்சு’, ‘தாண்டியாச்சு’ என்ற நான்கில் ஒன்று. வகுப்பில் பேசினாலும், வீட்டுப்பாடத்தை மறந்தாலும் திட்டு உண்டு, ஆனால் கட்டத்தில் கை வைக்கமாட்டார். போன மாதம் சொதப்பியவள் இந்த மாதம் சரியாகச் செய்தால் பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் போடுவார். தெரிந்ததைத் தாளில் எழுதியும் காட்டலாம், வாயால் சொல்லியும் காட்டலாம்.

“கட்டத்துல இருக்கறது உண்மையா இருக்கணும். அவ்வளவுதான் என் சட்டம்” என்பார்.

பெற்றோருக்கு உண்மையெல்லாம் எதற்கு? “அது சரி டீச்சர், என் பொண்ணு எத்தனாவது ரேங்க்? பக்கத்து வீட்டுல கேட்டா நான் ‘பாதி வழி’ன்னா சொல்றது?” என்று ஒரு அம்மா நேரிலேயே வந்து கேட்டார். அறிவியல் வாத்தியார் இன்னும் ஒரு படி மேலே போனார். “எத்தனை தடவை வேணும்னாலும் பரீட்சை எழுதலாமாம். நம்ம காலத்துல இப்படி இருந்திருந்தா நான் டாக்டரே ஆயிருப்பேன்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கணக்கு டீச்சரும் சிரித்தார். பிறகு மதியச் சாப்பாட்டைத் தன் வகுப்பறைக்கே கொண்டுபோய்ச் சாப்பிட ஆரம்பித்தார்.

வீட்டிலும் கதை வேறில்லை. கணவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் பேசுவது தொலைக்காட்சி மட்டும்தான். ஒரே மகன் விமானத்தில் போக வேண்டிய தூரத்தில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவான். “சாப்பிட்டியாம்மா?” “ஆச்சுடா.” “உடம்பு?” “எனக்கென்ன, நல்லா இருக்கேன்.” பாடம் ஒப்பிப்பதுபோல் இரண்டு பேரும் முடித்துவிட்டு வைத்துவிடுவார்கள்.

ஆகவே, செவ்வாயும் வியாழனும் பள்ளி விட்ட பிறகு அவர் நடத்திய மறுமுயற்சி வகுப்புதான் அவருக்கு ஊர், உறவு எல்லாம். கட்டம் எட்டாதவர்கள் மட்டும் அதற்கு வரலாம். வருஷ ஆரம்பத்தில் பெஞ்சில் இடம் இல்லாமல் ஜன்னல் திண்டில்கூட உட்கார்ந்தார்கள். ஆனால் பாருங்கள், கற்றுக்கொடுக்கத் தெரிந்தவருக்கு இதிலே ஒரு வம்பு இருக்கிறது. நன்றாகச் சொல்லிக்கொடுக்கக் கொடுக்க, எட்டிய பிள்ளைகள் நடையைக் கட்டினார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, வருஷக் கடைசியில் மிஞ்சியது ஒருத்தி.

அவளை எல்லோரும் ‘குருவி’ என்றுதான் கூப்பிடுவார்கள். உருவமும் அப்படி, ஓயாத பேச்சும் அப்படி. விகிதம் என்ற ஒரே கட்டம் அவளுக்குப் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ், வீடு திரும்ப இருட்டிவிடும். பாவம், ஆளில்லாத வீட்டுக்குப் போக மனசில்லாமல் இங்கே சுற்றுகிறாள் என்று டீச்சர் முடிவுகட்டியிருந்தார். அந்த முடிவு அவருக்கு வசதியாகவும் இருந்தது.

ஏனென்றால் குருவிக்கு விகிதம் தெரியும் என்பது டீச்சருக்கு எப்போதோ தெரியும். தெரியாத பிள்ளை ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்யும். ஒன்றுக்கு நாலு என்றால் நாலில் ஒன்று என்று எழுதும், தலைகீழாக நின்று சொன்னாலும் அடுத்த வாரமும் அதையே எழுதும். இவளோ வாரம் ஒரு புதுத் தப்பு செய்தாள். ஒருநாள் பங்குகளை மாற்றிப் போட்டாள், ஒருநாள் கூட்டலில் கோட்டைவிட்டாள், ஒருநாள் கடைசி வரியை எழுதாமலே கொடுத்தாள். அத்தனை விதமாகத் தப்பு செய்ய வேண்டுமென்றால் சரியான விடை உள்ளங்கை நெல்லிக்கனியாகத் தெரிந்திருக்க வேண்டும். டீச்சர் சிவப்பு மையால் சுழித்து, “சரி, வியாழக்கிழமை பார்க்கலாம்” என்பார். வியாழக்கிழமையை நினைத்துப் புதன்கிழமையைத் தள்ளிவிடுவார்.

இந்த நேரத்தில்தான் தலைமையாசிரியர் வந்து வாசலில் நின்றார். “வெள்ளிக்கிழமை லிஸ்ட் போயாகணும் டீச்சர். எல்லாக் கட்டமும் எட்டினவங்க அடுத்த வருஷம் உயர்கணக்கு. மத்தவங்க அடிப்படைக் கணக்கு. உங்க வகுப்புல ஒரே ஒரு கட்டம்தான் இடிக்குது. யாரு, அந்தக் குருவியா?”

“ஆமா சார்.”

“அடிப்படையில போட்டுட்டா அங்கேருந்து மேல வர்றது கஷ்டம். உங்களுக்குத் தெரியாதது இல்ல” என்றுவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை குருவி வந்தாள். தாளை வாங்கினாள், பென்சிலைக் கடித்தாள், எழுதிக் கொடுத்தாள். தப்பு. இந்த முறை லிட்டரை மில்லி லிட்டராக மாற்ற மறந்திருந்தாள்.

டீச்சர் தாளை ஓரமாகத் தள்ளினார். மேஜைக்குக் கீழே இருந்து ஆரஞ்சு ஸ்குவாஷ் பாட்டிலையும் ஒரு லிட்டர் ஜாடியையும் எடுத்து வைத்தார். சில வாரங்களாகவே அவர்களுக்குள் இது பழக்கம். ஆனால் கலப்பது எப்போதும் டீச்சர்தான்.

“இன்னிக்கு நீ கலக்கு. ஒண்ணுக்கு நாலு. எனக்குத் தொண்டை வறளுது, ஜாடி நிறைய வேணும்.”

குருவி வாய் ஓயாமல், தன் வீட்டுக் குழாய் ஒழுகும் கதையைச் சொல்லிக்கொண்டே அளவுக் கோப்பையை எடுத்தாள். டீச்சர் இடையில் புகுந்தார். “கால் லிட்டர் ஊத்திடு.”

“ஐயோ, திகட்டிடும் டீச்சர்! இருநூறு மில்லிதான். ஒரு பங்கு இது, நாலு பங்கு தண்ணி, மொத்தம் அஞ்சு பங்குல்ல? நாலுன்னு நினைச்சு ஊத்தினா…”

அப்படியே நிறுத்திவிட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, குருவியும் கெட்டது. கையில் கோப்பையோடு டீச்சரைப் பார்த்தாள்.

“உக்காரு” என்றார் டீச்சர். “பயப்படாத. எப்பலேருந்து தெரியும்?”

“ரொம்ப நாளா.”

“வீட்டுல யாரும் இல்லேன்னுதானே? அதுக்குப் போய் வருஷத்தையே பாழாக்கிக்குவியா? நீ இங்க வந்து சும்மாவே உக்காரலாமே, நான் வேண்டாம்னா சொல்வேன்?” சொல்லும்போதே அவருக்குள் ஒரு ஆசை எட்டிப்பார்த்தது. சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். கட்டமும் நிரம்பும், குருவியும் வருவாள்.

குருவி கோப்பையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். “வீட்டுல சித்தி இருக்காங்க டீச்சர். சித்தி பொண்ணுங்க ரெண்டு பேரும் இருக்காங்க. எனக்குப் படுக்கவே இடம் கிடையாது.”

“அப்புறம்?”

“மழை பெஞ்ச அன்னிக்கு யாருமே வரல, ஞாபகம் இருக்கா? நானும் கிளம்பிட்டேன், குடையை மறந்துட்டு எடுக்கத் திரும்பி வந்தேன். நீங்க எல்லா பெஞ்சுலயும் தாள் வச்சுட்டு, கதவைப் பாத்துட்டு உக்காந்திருந்தீங்க. ரொம்ப நேரம்.” குரல் இறங்கியது. “நானும் எட்டிட்டா உங்களுக்கு யாரு டீச்சர் இருக்கா?”

வெளியே மைதானத்திலிருந்து யாரோ “குருவீ, எவ்வளவு நேரம்டீ?” என்று கத்தினார்கள். ஒரு குரல் இல்லை, நாலைந்து. இத்தனை வாரமும் அந்தக் குரல்கள் அங்கேதான் இருந்திருக்கின்றன. டீச்சர் காதில் விழாமல் போயிருக்கிறது, அல்லது விழ வேண்டாம் என்று விட்டிருக்கிறார். பிள்ளைகளின் தப்பைப் பார்த்தே மனசைப் படிப்பேன் என்று பெருமை பேசியவருக்கு அவமானத்தில் காது சுட்டது. ஒரு சின்னப் பெண் தன் வருஷத்தைத் தட்டில் வைத்து நீட்டியிருக்கிறாள். அவரும் தெரிந்தே வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்.

அவர் பேனாவை எடுத்தார். குருவி பார்க்கும்படியே ‘பாதி வழி’யை அடித்தார். ‘எட்டியாச்சு’ என்று போடவில்லை, ‘தாண்டியாச்சு’ என்று போட்டார்.

“அவங்க கூப்பிடறாங்க பாரு. ஓடு.”

“செவ்வாய்க்கிழமை…”

“செவ்வாய்க்கிழமை இங்க கிளாஸ் கிடையாது. எல்லாரும் எட்டியாச்சு.”

“நீங்க?”

“போடி, பெரிய மனுஷி” என்றார் டீச்சர். சிரித்துச் சொல்லத்தான் நினைத்தார், பாதிதான் முடிந்தது. குருவி இருநூறு மில்லியே ஊற்றிக் கலந்தாள், ஒரு டம்ளர் குடித்தாள், வாயைப் புறங்கையால் துடைத்தாள், வாசல்வரை நடந்தாள், அப்புறம் ஓடினாள். டீச்சர் ஜாடியில் மிச்சமிருந்ததைத் தனியாக உட்கார்ந்து குடித்துத் தீர்த்தார். கலவை துல்லியமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகன் கூப்பிட்டான்.

“சாப்பிட்டியாம்மா?”

ஆச்சுடா என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எத்தனை ஞாயிற்றுக்கிழமைப் பொய். டீச்சர் அடுப்பைப் பார்த்தார். பற்றவைக்கவே இல்லை.

“இல்லடா” என்றார். “தனியா உக்காந்து சாப்பிடப் பிடிக்கல.”

“என்னம்மா, திடீர்னு?”

“திடீர்னு இல்லடா” என்றார் அவர். “ரொம்ப நாளா.”