எழுந்திருக்க விடாத நாற்காலி

எங்க அக்காவை நம்பித்தான் நான் கெட்டேன். வீடியோவை வச்சுக் கண்காட்சி நடத்துறது அவ தொழில். "சும்மா உங்க மேனேஜர் மாதிரி நடிடி, வெளியூர்லதான் காட்டப்போறேன்"னா. இப்போ அதே வீடியோ எங்க ஊர்லயே ஓடுது. எங்க கால் சென்டர் ஆளுங்க மொத்தமும் மேனேஜரோட பார்க்க வந்து நிக்கிறாங்க. நாளைக்கு அந்த மனுஷன் கையெழுத்துப் போட்டாத்தான் என் வேலை நிரந்தரம்.

இருட்டு அறை. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, எதிர்ச் சுவர் முழுக்கத் திரை. பார்க்க வர்றவங்கதான் அங்க ஊழியர். உட்கார்ந்தா திரையில மேனேஜர் வேஷத்துல நான் வந்து கேள்வி கேட்பேன். அவங்க சொல்ற பதிலுக்கு ஏத்த மாதிரி, பக்கத்து அறையிலிருந்து அக்கா அடுத்த துண்டை ஓட்டுவா.

"நானே உட்கார்றேன்"னார் மேனேஜர். யார் தடுக்கிறது?

திரையில நான் வந்தேன். டை நுனியால கண்ணாடியைத் துடைச்சேன். அவர் தினமும் பண்றது அது. பின்னாடி நின்ன எங்காளுங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க.

"கஸ்டமர்கிட்ட பேசுறப்போ குரல்ல சிரிப்பு எங்க போச்சு?"

"அட, நம்ம பொண்ணு! நல்லாத்தான் நடிக்குது"ன்னு சிரிச்சார் மேனேஜர்.

"கேட்டதுக்குப் பதில்."

"சிரிச்சுட்டுத்தானே பேசினேன்..."

"வாய்க்குள்ள முணுமுணுக்காதீங்க. சத்தமா!"

அவர் சிரிப்பு போயிடுச்சு. விருட்டுன்னு எழுந்தார்.

"நான் எழுந்திருக்கச் சொன்னேனா?"

அடக்கடவுளே, மறுபடியும் உட்கார்ந்துட்டார்! எங்க ஆபீஸ்ல ஒரு வழக்கம். "என் தப்புதான் சார்"னு சொல்ற வரைக்கும் அவர் முன்னாடியிருந்து யாரும் எழுந்திருக்கக் கூடாது. தப்பு யாரோடதுங்கிறது வேற கதை. திரையில நான் கண்ணு கொட்டாம அவரையே முறைச்சுட்டிருந்தேன். அவர் கழுத்துல வேர்வை.

"என் தப்புதான் மேடம்"னார் கடைசியில. லைட் எரிஞ்சது.

நேரா என்கிட்ட வந்தார். "நான் இப்படித்தான் பேசுறேனா?"

ஆமான்னு சொல்லணும்னு நெஞ்சு அடிச்சுக்குது. ஆனா பாழாப்போன வாய், பழக்கதோஷத்துல, "என் தப்புதான் சார்"னுடுச்சு.

அவர் முகம் தெளிஞ்சுடுச்சு. "சரி, போம்மா. நாளைக்கு வா, கையெழுத்துப் போட்டுடலாம்."

தப்பிச்சேன். சந்தோஷப்படணும்ல? வெட்கமா இருந்துச்சு. கூட வேலை பார்க்கிறவங்க ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கலை.

அதுக்குள்ள யாரோ ஒரு அம்மா போய் அந்த நாற்காலியில உட்கார்ந்துட்டாங்க. உள்ளேயிருந்து என் குரலே அதட்டுது: "வாய்க்குள்ள முணுமுணுக்காதீங்க. சத்தமா!"

மேனேஜர் வாசலைத் தாண்டப்போனார். வேலை போனா போகட்டும்னு ஒரு ஆத்திரம் வந்துச்சு பாருங்க.

"சார்!"

திரும்பினார்.

"ஆமா சார். இப்படித்தான் பேசுறீங்க. தினமும். எல்லார்கிட்டயும்."

சத்தமாத்தான் சொன்னேன்.