கை கழுவிய தண்ணீர்

வெள்ளிக்கிழமையின் கடைசி இரண்டு பீரியடும் கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் பவித்ரா டீச்சருக்கு அன்று மத்தியானச் சோறே இறங்கவில்லை. தாடிக்கொம்புப் பக்கத்து நடுநிலைப் பள்ளி அது. அவருடைய ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த நேரத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பள்ளிக்குத் தேவையான ஏதாவது ஒன்றைத் தாங்களே யோசித்துச் செய்வார்கள். இந்த முறை எடுத்துக்கொண்டது ஒரு வாய்க்கால். சாப்பிட்டுக் கை கழுவும் தண்ணீரை மைதானத்தின் மறுகோடியில் உள்ள முருங்கைக் கன்றுகளுக்குக் கொண்டுபோக வேண்டும்.

பெற்றோர் குழுத் தலைவர் உடையப்பனுக்கு இது பிடிக்கவே இல்லை. அவர் மகள் நாகஜோதியும் அதே வகுப்புதான்.

"மண்ணு வெட்ட எந்தோட்டம் பத்தாதா டீச்சர்? அம்புட்டு வேலையும் மெஷினு பாக்குது. இவ பெருசாகையில என்ன வேலை இருக்குமோ, ஒண்ணும் புரியல. நாலு மார்க்காவது கூட வாங்கட்டும்" என்றார் போன மாதம்.

அதில் கோபத்தைவிடக் கவலைதான் அதிகம். பவித்ராவுக்கும் அது புரிந்தது. "செஞ்சு முடிச்சதும் வந்து பாத்துட்டு, இந்த ரெண்டு பீரியடும் வேணுமா வேண்டாமான்னு நீங்களே முடிவு சொல்லுங்க" என்று வாயை விட்டுவிட்டார்.

அந்த நாள்தான் இது. பெற்றோர்கள் வந்தார்கள், சுண்டல் சாப்பிட்டார்கள், வரிசையாகக் கை கழுவினார்கள். தண்ணீர் வாய்க்காலில் ஜோராகக் கிளம்பியது. பாதி தூரம் போனது, நின்றது. பிறகு எதையோ மறந்து வைத்துவிட்டது போல வந்த வழியே திரும்பி, குழாயடியில் உடையப்பனின் செருப்பை நனைத்தது. நாலைந்து பேர் சிரித்தே விட்டார்கள்.

பவித்ராவுக்குக் காது மடல் சுட்டது. பிள்ளைகள் அழுதுகொண்டு தன்னிடம் ஓடி வருவார்கள் என்று ஆறுதல் வார்த்தை தேடினார். ஒரு பிள்ளையும் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நடுவுல மேடு இருக்குலே. மட்டம் தப்பு" என்றாள் நாகஜோதி.

"எப்பிடித் தப்பும்? மூணு வாட்டி பாத்தோம்ல?" என்று மல்லுக்கு நின்றான் அல் அமீன்.

கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பார்களே, அந்த டியூபை எடுத்து வந்து வெயிலில் தூக்கிப் பிடித்தார்கள். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு காற்றுக்குமிழி; அது இருந்தால் மட்டம் தப்பாகத்தான் காட்டும்.

"மூணு வாட்டியும் இதோடதான் பாத்திருக்கோம்!" அல் அமீன் தலையில் கை வைத்துக்கொண்டான். அவசரமாகக் குடத்தைக் கவிழ்த்து டியூபை நிரப்பியவன் அவன்தான். பாவம், யாரும் அவனைத் திட்டவில்லை. திட்ட நேரம் எங்கே இருக்கிறது? குமிழியைத் தட்டித் தட்டி வெளியேற்றி மறுபடி மட்டம் பார்த்தால், நடுவில் நாலு விரல் மேடு.

மண்வெட்டி இரண்டு, பிள்ளைகள் பதினெட்டு. மற்றவர்கள் கையாலேயே தோண்டினார்கள். அரை மணி நேரத்தில் மேடு காணாமல் போனது. இனி விட்டுப் பார்க்கத் தண்ணீர் வேண்டுமே!

"யப்பா, இன்னொரு வாட்டி கை கழுவுங்க" என்று உத்தரவு போட்டாள் நாகஜோதி.

உடையப்பன் நனைந்த செருப்போடு போய்க் கழுவினார். அவர் பின்னால் எல்லோரும் கழுவினார்கள். ஓர் அம்மா இருக்கட்டும் என்று முழங்கை வரைக்கும் கழுவினார்.

தண்ணீர் நடுவில் கொஞ்சம் தயங்கியது. பிறகு விறுவிறுவென்று போய் முதல் முருங்கைக் கன்றின் பாத்தியில் இறங்கியது. எழுந்த கூச்சலில் வேம்பிலிருந்த காக்கையெல்லாம் பறந்துவிட்டன. பவித்ரா டீச்சர் வெட்கத்தை விட்டுக் குதித்தார்.

உடையப்பன் பக்கத்தில் வந்ததும் டீச்சர் குதிப்பதை நிறுத்திக்கொண்டார்.

"தண்ணி திரும்புனப்ப எம்மக உங்க முகத்தப் பாப்பா, இல்லாட்டி எம்மூஞ்சியவாச்சும் பாப்பான்னு நெனச்சேன் டீச்சர். யாரையும் பாக்கலயே!" குரலில் பெருமை வழிந்தது. "அடுத்த வெள்ளிக்கிழம இவுங்க எந்தோட்டத்துக்கு வரட்டும். கடைசி வரிசைத் தென்னைக்குத் தண்ணி ஏற மாட்டேங்குது."

"அத அவங்ககிட்டயே கேளுங்க" என்றார் பவித்ரா.

உடையப்பன் போய்க் கேட்டார். நாகஜோதி மண் ஒட்டிய கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"மொதல்ல நாங்க வந்து மட்டம் பாக்கணும்ப்பா" என்றாள்.